அடுப்படியில் ஒரு லாரிக் காடி

என் வீட்டுக்காரர் நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் தச்சர். அவர் பலகை அடித்த வண்டிகள் நாகாலாந்து வரைக்கும் ஓடுகின்றன. எங்கள் அடுப்படிக்கு மட்டும் கல்யாணமான நாளிலிருந்து ஒரு கப்போர்டு கிடையாது. கேட்டால், "லீவு வரட்டும் புள்ள" என்பார். லீவு வரும், தூங்கிவிட்டுப் போகும்.

ஒருவழியாகப் போன ஆடியில் பிளைவுட் வந்து இறங்கி, கப்போர்டும் நின்றது. சிமெண்ட் மூட்டை ஏற்றினாலும் தாங்கும்படி நின்றது. ஆனால் பலகையின் ஓரத்தை அறுத்தது அறுத்தபடியே விட்டுவிட்டார். அந்தச் சிராய்க்கு முன்னால் அரம் தோற்றுப்போகும். எங்கள் அடுப்படியோ ஒருவர் உள்ளே வந்தால் இன்னொருவர் வெளியே போக வேண்டிய அகலம். போகும்போது ஓர் உரசல், வரும்போது ஓர் உரசல்.

எனக்குச் சர்க்கரை உண்டு. முழங்காலுக்குக் கீழே அந்த ஓரம் போட்ட கீறல் ஆறவே இல்லை. மழைக்காலம் வந்து போயிற்று, கீறல் போகவில்லை. டாக்டரம்மா பார்த்துவிட்டு, இனி காலில் காயமே படக்கூடாது, பட்டால் விரலை எடுக்கும்படி ஆகிவிடலாம் என்றார். பக்கத்தில் நின்ற இவர் மேலே சுற்றும் ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தார், அதை ரிப்பேர் பார்க்க வந்தவர் மாதிரி.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு சுருள் பட்டையோடு வந்தார். கறுப்பு ரப்பர் பட்டை, அதன் முதுகில் நீளமாக ஒரு நாக்கு. பலகை ஓரத்தின் நடுவில் நீளப் பள்ளமாகக் காடி எடுத்து, நாக்கை அதற்குள் தட்டி இறக்கினால் பட்டை கவ்விக்கொள்ளும், ஓரம் மழமழவென்று ஆகிவிடும். எதற்கு இது என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் பேச்சை அவ்வளவு சிக்கனமாகத்தான் செலவு பண்ணுவோம்.

பட்டறையிலிருந்து காடி எடுக்கும் மிஷினை இரவல் வாங்கி வந்திருந்தார். ஒரு ஓட்டு ஓட்டினார். நாக்கின் கனத்துக்கு அளவெடுத்த மாதிரி இருந்தது. இன்னொரு ஓட்டும் ஓட்டினார்.

"அகலமாப் போச்சுங்களே" என்றேன்.

"ஆட்டத்துக்கு எடம் உடோணும் புள்ள. இறுக்கிப் புடிச்சா, குலுங்கற குலுங்கல்ல பலகை தெறிச்சுப் போயிரும்."

"ஏனுங்க, நம்ம ஊடு லோடு ஏத்திக்கிட்டு எந்த ஊருக்குப் போவுது?"

முறைத்தார். அவர் சர்வீசில் ஒரு பலகை தெறித்ததில்லையாம். பட்டையைப் பொருத்திவிட்டு எட்ட நின்று பார்த்துக்கொண்டார். அழகாகத்தான் இருந்தது, நான் சாம்பார் தாளிக்கும் வரைக்கும். சட்டியை இறக்கித் திரும்பினால் கால்மேல் கறுப்பாக ஏதோ நெளிகிறது. பாம்பென்று நான் போட்ட கூச்சலில் பக்கத்துக் கோழிப்பண்ணையில் அன்றைக்கு முட்டையே விழுந்திருக்காது. பார்த்தால் அவருடைய பட்டை. ஆட்டத்துக்கு இடம் இருந்தது, ஆடிக்கொண்டே வந்துவிட்டது. துள்ளிய துள்ளலில் கெண்டைக்கால் பலகை ஓரத்தில் உரசி, புதிதாக ஒரு கீறல், ரத்தம்.

"வண்டி பள்ளத்துல உழுந்துருச்சுங்க" என்றேன்.

அவர் காலைக் கழுவி, மருந்து போட்டுவிட்டார். சோற்றைத் தொடாமல் காடி முழுவதிலும் மரச்சில் வைத்துப் பசை போட்டு அடைத்தார். அது நன்றாகக் காய்ந்த பிறகு, முதலில் துண்டுப் பலகையில் ஓட்டிப் பார்த்தார். அப்புறம்தான் கப்போர்டில், பென்சிலால் கோடு போட்டு, ஒரே ஒரு ஓட்டு. நாக்கு சுத்தியல் அடிக்கு அடி முனகிக்கொண்டே உள்ளே போனது. இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை.

காபி கொண்டுபோனபோது மனுஷன் தரையில் மண்டி போட்டிருந்தார். கன்னத்தை அந்த ஓரத்தில் வைத்து, மேலிருந்து கீழே மெதுவாகத் தேய்த்துக்கொண்டு போனார். உள்ளங்கை காய்த்துப்போனவர், சிராய் இருந்தாலும் அந்தக் கைக்குத் தெரியாது. இத்தனை வருஷத்தில் என்னைக் கொஞ்சாதவர் கப்போர்டைக் கொஞ்சுகிறாரே என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. காபியை மேடைமேல் வைத்தேன்.

"எங்காச்சும் குத்துதுங்களா?" என்று மட்டும் கேட்டேன்.

"கீழ ஒரு எடத்துல" என்றார், கன்னத்தை எடுக்காமல். "கிட்ட வராத, இரு."