மூலத்துக்குப் போனவனும் திருப்பதிக்குப் போனவனும்

அந்தமானின் ஹேவ்லாக் தீவில் ஒரு ரிசார்ட்டின் தண்ணீர் மோட்டாரைச் சரிசெய்யப் போன நான், திரும்பும் கப்பலைத் தொடர்ந்து மூன்று நாள் தவறவிட்டேன். கப்பல் மேல் தப்பு இல்லை. அது ஒவ்வொரு நாளும் சொன்ன நேரத்துக்கு வந்து சொன்ன நேரத்துக்குப் போனது. நான்தான் ஜெட்டிக்கு, அதாவது படகுத்துறைக்கு, அருகில் ஒரு கடையின் பின்பக்கம் உட்கார்ந்து, ஊதல் கேட்டதும் ஓடிவிடலாம் என்று காத்திருந்தேன். ஊதல் கேட்கும். எழுந்தும் நிற்பேன். ஆனால் அதற்குள் என் இரண்டு கால்களும் வேறு வேறு ஊருக்குப் போக முடிவெடுத்திருக்கும்.

நான்காம் நாள் அதே கப்பலில் என் மனைவி வந்து இறங்கினாள். என் போன் முதல் நாளே செத்துப்போயிருந்தது. நான் கடலில் விழுந்துவிட்டேன் என்றே அவள் நினைத்திருக்கிறாள். என்னைத் தேடி ஜெட்டி முழுக்கப் பார்த்துக்கொண்டு வந்தவளை, பெஞ்சில் சாய்ந்திருந்த நான் சந்தோஷமாக வரவேற்றேன்.

"அட, நீ எங்க இந்தப் பக்கம்? டூர் வந்தியா?"

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. திரும்பும் கப்பலில் போர்ட் பிளேர் வரும்வரை என் சட்டையின் நுனியைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள், திருவிழாவில் பிள்ளையைப் பிடித்துக்கொள்வதுபோல. இறங்கும்போது ஒன்றே ஒன்று சொன்னாள்.

"உங்களுக்கு வைத்தியம் பாக்கணுங்க. நீங்க வரீங்க."

வருவீர்களா என்று கேட்கவில்லை என்பதைக் கவனித்தேன்.

நாங்கள் இருப்பது போர்ட் பிளேருக்கு வெளியே, சௌல்தாரியில். என் அப்பா ராமநாதபுரம் பக்கத்திலிருந்து ஒரு காண்டிராக்டரோடு வந்து இங்கேயே தங்கியவர். நான் மோட்டார், பம்ப்செட் மெக்கானிக். மனைவியின் அப்பா அம்மா இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்து கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்தவர்கள். விடியும் முன்னால் எழுந்து மரம் சீவப் போன வம்சம். ஒரு காரியத்தைக் கையில் எடுத்தால் பால் வடியாமல் விடமாட்டாள். இந்த முறை மரம் நான்.

முதலில் போனில் தேடினாள். மெயின்லேண்டில் ஓர் இடம் கிடைத்தது. அந்தப் பக்கம் பேசிய பெண் தேன் ஒழுகப் பேசினாள். ஏசி அறை, யோகா, மூன்று வேளை சாப்பாடு, வாரம் ஒருநாள் இசை. மனைவி எல்லாவற்றுக்கும் "சரிங்க, சரிங்க" என்று தலையாட்டிவிட்டு மாதத்துக்கு எவ்வளவு என்று கேட்டாள். பதிலைக் கேட்டதும் போனைக் காதிலிருந்து எடுத்து, அது சூடாகிவிட்டதுபோல் பார்த்தாள். அதற்கு மேல் இரண்டு பேருக்கும் விமான டிக்கெட் வேறு.

"அந்தக் காசுக்கு நீங்க இன்னும் பத்து வருசம் குடிச்சே முடிச்சிரலாம்" என்றாள்.

"அப்ப அதையே செய்வமா?" என்று கேட்டேன். அன்று எனக்கு ராச்சாப்பாடு கிடைக்கவில்லை.

அடுத்து, குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலக்கும் மூலிகைப் பொடி ஒன்றைத் தபாலில் வரவழைத்திருக்கிறாள். எனக்குத் தெரியாது. ஒரு வாரமாக வீட்டு சாம்பார் பிரமாதமாக இருந்தது. இரண்டாம் முறை, மூன்றாம் முறை வாங்கி ஊற்றிக்கொண்டேன். "இது என்ன புது மசாலா? விடாத, இதையே போடு" என்று பாராட்டினேன். அவள் முகம் ஏன் சுருங்குகிறது என்று புரியவில்லை. கடைசியில் பொட்டலத்தைப் பிரித்து நாக்கில் வைத்துப் பார்த்தாளாம். முக்கால்வாசி கொத்துமல்லித் தூள். என் குடி அப்படியே இருந்தது. கூடவே சாம்பாருக்கும் அடிமையாகிவிட்டேன்.

நடுவில் நானே ரோஷப்பட்டு ஒருநாள் முழுக்கக் குடிக்காமல் இருந்தேன். மறுநாள் காலை ஸ்க்ரூவை ஸ்க்ரூடிரைவர் தேடியது, ஸ்க்ரூடிரைவரை என் கை தேடியது, மூன்றும் சந்திக்கவே இல்லை. வியர்த்துக் கொட்டியது. சுவரில் பல்லிகள் ஊர்வலம் போவது எனக்கு மட்டும் தெரிந்தது. மனைவி பயந்துபோய் ஊர் ஹெல்த் சென்டரிலிருந்த நர்ஸக்காவிடம் ஓடினாள். அந்த அக்கா வந்து பார்த்துவிட்டு அவளைத்தான் முதலில் திட்டினார்.

"இத்தன வருசம் குடிச்சவர திடீர்னு நிறுத்தக் கூடாது, உசுருக்கே ஆபத்து. டவுன் கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில இதுக்குன்னே டாக்டர் இருக்காரு. பஸ்ஸுல போனா ஒரு மணி நேரம். ஏன், உங்களுக்குத் தெரியாதா?"

"டவுன்லயேவா?" என்றாள் மனைவி. தரையில் உட்கார்ந்தேவிட்டாள். மெயின்லேண்ட், விமானம், தபால் பொடி எல்லாம் பார்த்துவிட்டோம். எங்கள் வாசலில் நிற்கும் பஸ் எங்கே போகிறது என்று மட்டும் பார்க்கவில்லை.

அன்றே கிளம்பினோம். டாக்டர் இந்திக்காரர், சின்ன வயசு. தினமும் எவ்வளவு என்று கேட்டார். நான் கௌரவமாக, "ஏக் குவார்ட்டர், சாப்" என்றேன். பின்னாலிருந்து மனைவி மூன்று விரலைக் காட்டினாள். நான் விடவில்லை. செவ்வாய்க்கிழமை முருகனுக்காகக் குடிப்பதில்லை என்றேன். டாக்டர் பேனாவை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்.

"மங்கள்வார் கோ சிர்ஃப் ஏக்" என்றாள் அவள். செவ்வாய்க்கிழமை ஒன்று மட்டும்.

டாக்டர் சிரிக்காமல் எழுதினார். பத்து நாள் வார்டில் படுக்க வேண்டும், நடுக்கம் அடங்க மருந்து, வைட்டமின் ஊசி, பிறகு வீட்டிலிருந்து மாத்திரை. செலவு எவ்வளவு ஆகும் என்று மனைவி கவுண்டரில் தயங்கித் தயங்கிக் கேட்டாள். காயவைத்து மூட்டை கட்டியிருந்த பாக்கு முழுவதையும் விற்கத் தயாராக வந்திருந்தாள். சீட்டுக்கு ஏதோ சில்லறை, வார்டுக்கு ஒன்றுமில்லை, ஒரே ஒரு மாத்திரை மட்டும் சில சமயம் வெளியே வாங்க வேண்டியிருக்கும் என்றார்கள். அவள் நம்பாமல் இன்னொரு கவுண்டரிலும் போய்க் கேட்டுவிட்டு வந்தாள்.

கட்டில் காலியாக இரண்டு நாள் ஆகும், அதுவரை இந்த மாத்திரை என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். பணப் பிரச்சினை தீர்ந்ததும் மானப் பிரச்சினை ஆரம்பித்தது. பத்து நாள் ஆளைக் காணோம் என்றால் ஊர் கேட்குமே? நான் குடிப்பது ஊருக்கே தெரியும். அது மானக்கேடு இல்லையாம். நிறுத்தப்போகிறேன் என்பதுதான் வெளியே தெரியக் கூடாது. நன்றாக யோசித்து, மூலத்துக்கு ஆபரேஷன் என்று சொன்னோம். அதில் ஒரு வசதி, ஆறிவிட்டதா, காட்டு என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

கேட்கவில்லைதான். ஆனால் ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். அடுத்த வீட்டு வங்காளி பௌதி, அதாவது அண்ணி முறை, அவருக்கு நான் தாதா, அண்ணன், ஒரு சட்டி நிறையக் கருணைக்கிழங்குக் குழம்பு கொண்டுவந்து, "தாதா, இதைச் சாப்பிட்டால் கத்தியே வேண்டாம்" என்று இந்தியில் சொல்லி, முழுவதும் தின்னும்வரை எதிரில் உட்கார்ந்திருந்தார். மிளகாயைத் தாராளமாகப் போட்டிருந்தார். அன்று மாலைக்குள் எங்கள் பொய் பாதி உண்மையாகிவிட்டது.

இரண்டு நாள் கழித்து வார்டுக்குள் நுழைந்து என் கட்டிலில் உட்கார்ந்தேன். பக்கத்துக் கட்டிலில் ஒருவன் போர்வையைத் தலைவரை இழுத்து மூடிப் படுத்திருந்தான். போர்வைக்கு வெளியே தெரிந்த காலில் கட்டைவிரல் நகம் பாதிதான் இருந்தது. அந்த நகத்தை எனக்குத் தெரியும். ஒரு குடியிரவில் அதன் மேல் மோட்டாரைப் போட்டவனே நான்தான்.

"டேய்" என்றேன். போர்வை அசையவில்லை. "மாப்ள, நீ திருப்பதி போயிருக்கேன்னுல்ல சொன்னாங்க?"

போர்வை மெதுவாக இறங்கியது. கட்டட வேலை மேஸ்திரி, பன்னிரண்டு வருஷமாக என் குடிக்கூட்டாளி. "நீ மூலத்துக்குப் போறேன்னு எம் பொண்டாட்டி சொன்னாளே, மச்சான்?" என்றான். இரண்டு பேரும் நர்ஸ் ஓடிவரும் அளவுக்குச் சிரித்தோம்.

முதல் நான்கு நாள் சிரிப்பு வரவில்லை. அதை விரிக்கப்போவதில்லை. கை கால் நடுங்கும், தூக்கத்தில் உளறல் வரும். அவன் அழுதால் நான் தண்ணீர் கொடுப்பேன், நான் அழுதால் அவன் கொடுப்பான். பாதித் தண்ணீர் நடுக்கத்தில் கட்டிலுக்குத்தான் போகும். ஐந்தாம் நாள் காலை டீ டம்ளரைச் சிந்தாமல் வாய்வரை கொண்டுபோனேன். மனைவி அதைப் பார்த்துவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பி ரொம்ப நேரம் எதையோ தேடினாள்.

உடம்பு தேறியதும் மேஸ்திரிக்குக் கவலை வந்தது.

"மச்சான், திருப்பதி போனவன் முடியோட எப்படி ஊருக்குள்ள போவேன்?"

அடர்த்தியான சுருட்டை முடி அவனுக்கு. ஊரில் அதற்குத் தனி மரியாதை உண்டு. ஆனால் வேறு வழியில்லை. பக்கத்து ஆபரேஷன் வார்டு நோயாளிகளுக்குச் சவரம் செய்ய வரும் தெலுங்குக்காரரைப் பிடித்தோம். திருப்பதிக்கு மொட்டை என்றதும் அவர் பக்தியோடு கோவிந்தா சொல்லி ஆரம்பித்தார். இடது பக்கம் முடிந்து வலது பக்கம் போகும் நேரத்தில் கவுன்சலிங் மேடம் வந்துவிட்டார். கேரளத்துக்காரர், எல்லா மொழியையும் கலந்து பேசுவார். முந்தின நாள்தான் எங்களுக்கு ஒரு மணி நேரம் வகுப்பு எடுத்திருந்தார். குடியை விடுவதற்கு முன்னால் பொய்யை விட வேண்டும் என்று.

"யே க்யா ஹோ ரஹா ஹை? இது எந்தா?"

மேஸ்திரி பாதித் தலையோடு எழுந்து நின்று கும்பிட்டான்.

"மேடம், உண்மையச் சொல்லிர்றேன். ஆனா மிச்சப் பாதிய முடிச்சிட்டுச் சொல்றேனே?"

அவர் பைலை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டார். பைல் குலுங்கியது.

மொட்டை இருந்தால் லட்டு வேண்டுமே? அந்தப் பொறுப்பு என் மனைவி தலையில் விழுந்தது. கடலை மாவு, நெய், முந்திரி எல்லாம் வாங்கி, மேஸ்திரி வீட்டு அடுப்பில், அவன் பெண்டாட்டியும் இவளுமாகக் கதவைச் சாத்திக்கொண்டு பிடித்தார்கள். வீடு வந்ததும், ஆபரேஷன் புண் தரையில் படாதது மாதிரி நான் உட்காருவதற்குக் காற்றடித்த ஸ்கூட்டர் ட்யூப் ஒன்று. பழைய ட்யூபே போதும் என்றேன். ஆபரேஷன் ஆனவனுக்குப் பழசைக் கொடுத்தால் ஊர் என்ன சொல்லும் என்று புதிதாக வாங்கினாள். கூட்டிப் பார்த்தால் வைத்தியத்துக்கு ஆனதைவிடப் பொய்க்கு ஆன செலவு பல மடங்கு.

லட்டைச் சாப்பிட்டவர்கள் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். ஒரு பெரியவர் மட்டும், "திருப்பதி லட்டு முன்ன மாதிரி இல்லப்பா" என்றார். இரண்டு மனைவிமாருக்கும் சுருக்கென்றது.

நாலு மாதம் ஆகியும் ட்யூபை விடாமல், நான் அதில் உட்கார்ந்து மோட்டார் காயில் சுற்றிக்கொண்டிருந்த ஒரு மதியம், பௌதி வந்து பக்கத்தில் நின்றார். மெல்லிய செம்புக் கம்பியை நான் சுற்றுவதையே பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"தாதா, அந்த மூல ஆஸ்பத்திரியில் எங்க வீட்டுக்காரரையும் சேர்த்துக்கொள்வார்களா?"

"அவருக்கும் மூலமா, பௌதி?"

"உங்களுக்கு இருந்த அதே மூலம்தான்" என்றார். "ஆபரேஷன் அங்கே பண்ணினால் கை நடுக்கம் எப்படி நிற்கும், தாதா? நான் என்ன முட்டாளா?"

நான் ட்யூபிலிருந்து எழுந்து தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொன்னேன். எந்தப் பஸ், எந்தக் கதவு, சீட்டு எங்கே வாங்குவது, எவ்வளவு சில்லறை, எந்த மாத்திரை வெளியே. வெள்ளிக்கிழமை நானே கூட்டிப்போகிறேன் என்று வாக்கும் கொடுத்தேன்.

அதற்குள் புதன்கிழமை, வடக்கே மாயாபந்தரில் ஒரு கல்யாணம். நாலு மாதம் நல்லபடி இருந்தவன், ஒன்றே ஒன்று என்று பந்தலுக்குப் பின்னால் போனேன். ஒன்று எப்போது தனியாக வந்திருக்கிறது? வியாழக்கிழமை ராத்திரி மனைவியிடம் நானே சொன்னேன். "நீங்களா சொன்னது இதான் மொத தடவ" என்றாள். அப்புறம் படுத்துக்கொண்டாள். நான் வெட்கத்தில் விழித்தே கிடந்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில் பௌதி தன் வீட்டுக்காரருக்குச் சலவைச் சட்டை போட்டு வாசலில் நிறுத்திவிட்டார். நான் கதவிடுக்கில் நின்று, "பௌதி, நான் வர லாயக்கில்லை. முந்தாநாள் நானே குடித்துவிட்டேன்" என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்போ நல்லதுதானே, ரெண்டு பேரும் காட்டிக்கொண்டு வாருங்கள். பஸ் வருகிறது, செருப்பைப் போடுங்கள்" என்றார்.

டாக்டர் திட்டுவார் என்று பயந்துகொண்டே ஏறினேன். அவர் திட்டவில்லை, இது அப்படித்தான் வரும், உடனே வந்ததுதான் நல்லது என்று மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். ஆனால் அதெல்லாம் பிறகு. பஸ்ஸில் பௌதியின் வீட்டுக்காரர் என் பக்கத்தில் விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தார். பேச்சுக் கொடுக்கலாம் என்று, ஆபீஸில் என்ன சொல்லி லீவு போட்டார் என்று கேட்டேன்.

"பல்" என்றார்.

"ஒரு பல்லுக்குப் பத்து நாளா?"

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தபடி, "எல்லாப் பல்லையும் எடுத்துவிட்டுப் புதுசு கட்டப்போகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்" என்றார்.

அவர் பல்லைப் பார்த்தேன். வெற்றிலைக்கறை படிந்து, முன்வரிசையில் ஒன்று கோணலாக இருந்தது. பத்து நாளில் அவை முப்பத்திரண்டும் வெள்ளை வெளேரென்று வரிசையில் வந்து நிற்க வேண்டும். அதை யோசித்ததும் எனக்கு வந்த சிரிப்பில் கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். பௌதியின் வீட்டுக்காரர் முதலில் முறைத்தார், அப்புறம் கையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்க ஆரம்பித்தார். ஆஸ்பத்திரி ஸ்டாப் வந்தபோது இரண்டு பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டே இறங்கினோம்.