எந்த வாரேன்?

எங்கள் சங்கத்துக்குப் பெயர் கிடையாது. பெயர் வைக்கிறோம் என்று ஒரு பகல் முழுக்கச் சண்டை போட்டோம். மாதர், மகளிர், மங்கையர் என்று ஆளுக்கொன்று பிடித்துக்கொண்டு நின்றதில் பொழுது சாய்ந்து, அடுப்பு மூட்ட வேண்டுமே என்று எழுந்து போய்விட்டோம். அதற்குப் பிறகு வெறும் சங்கம்தான். என் வீட்டுக்காரருக்கு இது பெரிய வேடிக்கை. "மூணு சங்கம் கண்ட ஊரு. நாலாவதா கத்தரிக்காச் சங்கம்" என்பார். அந்தக் கத்தரிக்காயைக் குழம்பில் போட்டு இலையில் ஊற்றும்போது மட்டும் வாய் கேலிக்குத் திறக்காது.

அது யுத்த காலம். அரிசிக்கு ரேஷன், மண்ணெண்ணெய்க்கு வரிசை, காய்கறி விலையைக் கேட்டால் திரும்பி வந்துவிடத் தோன்றும். எங்கள் தெரு தெற்குவாசல் பக்கம். தெருக்கோடி வீடு நூலுக்குச் சாயம் தோய்க்கிற ஒரு சௌராஷ்டிரக் குடும்பத்துடையது. கப்பலில் வந்துகொண்டிருந்த சாயம் நின்று போய் அவர்கள் பட்டறை பூட்டிக் கிடந்தது. பட்டறைக்குப் பின்னால் கொஞ்சம் காலி மனை. "சும்மா கிடக்கிற மண்ணுதானே, ஆளுக்கொரு பாத்தி போடுங்கடி" என்று அந்த வீட்டுக்காரி ஒருநாள் கதவைத் திறந்துவிட்டாள். அவளைத் தெருவே பெரியக்கா என்று கூப்பிடும். வீட்டுக்குள் அவர்கள் பாஷை, வெளியே வந்தால் எங்கள் எல்லாரையும் அடக்குகிற சத்தத்தில் மதுரைத் தமிழ். அவளே தலைவி. யாரும் தேர்ந்தெடுக்கவில்லை, தேர்ந்தெடுக்காமல் இருக்கவும் தைரியமில்லை.

அந்த மண்ணை வெட்டினால் ஓரிடத்தில் சிவப்பாகவும் ஓரிடத்தில் நீலமாகவும் வந்தது. எத்தனை வருஷத்துச் சாயத் தண்ணீரோ! முதல் வெண்டை காய்க்கிற வரைக்கும் அது என்ன நிறத்தில் வருமோ என்று எங்களுக்குள் கலக்கம்தான். பச்சையாகத்தான் வந்தது. எங்களில் ஒருத்திக்கு அதில் நிஜமாகவே ஏமாற்றம்.

வாரத்தில் மூன்று நாள், சாப்பாட்டுக் கடை முடிந்து பகல் இரண்டு மணிக்குக் கூடுவோம். பன்னிரண்டு பேர். முதலில் அவரவர் பாத்திக்குத் தண்ணீர், பிறகு வேப்பமர நிழலில் வாசிப்பு. எட்டாவது வரை படித்தவள் நான் ஒருத்திதான் என்பதால் வாசிப்பதும் நான், நோட்டு எழுதுவதும் நான். காரியதரிசி என்று எனக்கு நானே பட்டம் கட்டிக்கொண்டேன். அந்த நோட்டை நான் தூக்கிக்கொண்டு நடந்த நடையை இப்போது நினைத்தால் எனக்கே ஓர் அறை கொடுக்கத் தோன்றுகிறது.

வாசித்தது பெரும்பாலும் வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதைகள். எனக்கு அழுகை ஆகாது. கதாநாயகி கண்ணைக் கசக்க ஆரம்பித்தால் இரண்டு பத்தியைத் தாண்டிவிடுவேன். சங்கத்தில் ஒருத்தியும் அதைக் கண்டுபிடித்ததில்லை. கண்டுபிடித்தவர் சங்கத்தில் இல்லாதவர். மனையை ஒட்டிய வீட்டுக்கு எங்கள் பக்கம் பார்த்த ஒரு பின் ஜன்னல் உண்டு. நான் தாண்டின இடத்தில் ஜன்னல் கம்பியில் டக் டக் என்று சத்தம் கேட்கும்.

"தங்கச்சி, நடுவுல ஏதோ போயிருச்சே. இப்பத்தானே கோபமாப் பேசிக்கிட்டிருந்தா, அதுக்குள்ள எப்படி சமாதானம் ஆனா?"

அவரை நாங்கள் ஜன்னலக்கா என்போம். அப்போது முப்பது வயது இருக்கலாம். புருஷன் போய் ஆறு வருஷம். புருஷனுடைய அண்ணன் வீட்டில், ஓரகத்தியோடு இருந்தார். செடி விஷயத்தில் எங்கள் பன்னிரண்டு பேரையும் ஒரு தட்டில் வைத்தாலும் அவருக்கு ஈடாகாது. தோட்டக்கார வீட்டுப் பெண். "அந்த மூணாவது பாத்திக்குத் தண்ணி காணலை, இலை தொங்குது பாரு" என்று ஜன்னலுக்குள்ளிருந்தே சொல்வார். விதையைக் காகிதத்தில் மடித்துக் கம்பி வழியாக நீட்டுவார். அவர் கொடுத்த பீர்க்கு அந்த ஜன்னல் கம்பியிலேயே ஏறிப் படர்ந்து, மஞ்சள் பூவுக்கு நடுவில் அவர் முகம் தெரியும்.

ஆறு வருஷத்தில் அவர் தெருவைத் தாண்டி ஓரிடத்துக்குப் போய் நாங்கள் பார்த்ததில்லை. வாசலுக்கு வருவதுகூட அபூர்வம். யாராவது வெளியே கிளம்புகிற காலடி கேட்டால் அவராகவே உள்ளே நகர்ந்துவிடுவார். போகிறவர்களுக்கு எதிரே தான் நிற்கக் கூடாது என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. "பாவம், அந்த வீட்டுல விட மாட்டாங்க" என்று நாங்கள் உச்சுக்கொட்டுவோம். அந்த வீட்டுக்காரரைப் பற்றி என் வாயில் வந்ததையெல்லாம் இங்கே எழுத முடியாது. ஆனால் ஒன்று. அவரைச் சங்கத்துக்கு வாங்க என்று எங்களில் ஒருத்தியும் கூப்பிட்டதில்லை. நானும்தான்.

இரண்டாம் வருஷம் தை கழிந்து, எங்காவது ஒருநாள் போய் வரலாம் என்று பேச்சு கிளம்பியது. கோயில் வேண்டாம், கோயிலுக்கு வீட்டோடும் போகலாம் என்று பெரியக்கா சொல்லிவிட்டாள். அவனியாபுரத்தில் அவளுக்குத் தெரிந்தவர் தோட்டம் ஒன்று இருந்தது. கிணறு, கத்தரி நாற்று, முருங்கை, வாய்க்காலில் குளியல். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு இரண்டு கூண்டு வண்டி. நான் நோட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய் வருகிறவர்கள் பெயரை எழுதினேன்.

எல்லாரிடமும் கேட்டுவிட்டு மனைக்கு வந்தபோது ஜன்னலக்கா நின்றுகொண்டிருந்தார். கேட்க வேண்டும் என்று கேட்கவில்லை, பேச்சுக்குத்தான் சொன்னேன்.

"ஞாயித்துக்கிழமை அவனியாபுரம் போறோம்க்கா. தோட்டம் பார்க்க."

"கிணறு கமலையா, ஏத்தமா?"

"கமலைதானாம். ரெண்டு ஜோடி மாடு பூட்டி இறைக்கிறாங்களாம்."

"எங்கப்பா வீட்டுலயும் கமலைதான். வால்ல தண்ணி விழற சத்தத்துலதான் முழிப்போம்" என்றார். கமலைச் சாலில் தொங்குகிற தோல் குழாயைத்தான் வால் என்பது. "எத்தனை மணிக்கு வண்டி?"

"ஆறு மணிக்கு. இப்படித்தான், உங்க வாசல் வழியாத்தான் போகும்."

உள்ளேயிருந்து ஓரகத்தி கூப்பிட்டாள். "சரி தங்கச்சி, வாரேன்" என்று சொல்லிவிட்டு ஜன்னல் கதவைச் சாத்திக்கொண்டார்.

நான் நின்ற இடத்திலேயே நோட்டைத் திறந்து பதிமூன்றாவதாக ஜன்னலக்கா என்று எழுதினேன். எனக்கு அப்போது ஒரு சந்தேகமும் வரவில்லை.

அடுத்த நாள் சங்கத்தில் பட்டியலைச் சத்தமாக வாசித்தேன். ஜன்னல் சாத்தியிருந்தது. பதிமூன்றாவது பெயர் வந்ததும் பெரியக்கா நிமிர்ந்தாள்.

"ஏண்டி, அவங்க வாராங்களா? யார் சொன்னா?"

"அவங்களேதான். வாரேன்னாங்க."

"எப்படிச் சொன்னாங்க?"

சொன்னேன். உள்ளே கூப்பிட்டார்கள், சரி தங்கச்சி வாரேன் என்று சொல்லி ஜன்னலைச் சாத்தினார்கள் என்று. அவ்வளவுதான். வேப்பமரத்தடியே சிரிப்பில் அதிர்ந்தது. "அடிப் போடி கூறு கெட்டவளே! அது போயிட்டு வாரேன்ங்கிற வாரேன்டி! எட்டாவது படிச்சு என்னத்தக் கிழிச்சே?" ஒருத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு பாத்தியிலேயே உட்கார்ந்துவிட்டாள். எனக்கு முகமெல்லாம் எரிந்தது. நம் ஊரில் போகிறவர் யாராவது போறேன் என்று சொல்வாரா? வாரேன் என்றுதானே சொல்வார்? இதுகூடத் தெரியாமல் எழுதிவிட்டேனே என்று ஆத்திரம். பென்சிலை எடுத்து அந்தப் பெயரின் மேல் இரண்டு கோடு போட்டேன். காகிதம் கிழிந்துவிட்டது.

போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஜன்னல் பத்தடியில்தான் இருந்தது. கேட்டால் இன்னொரு தரம் சிரிப்பார்களே என்று எனக்கு வீம்பு.

ஞாயிற்றுக்கிழமை வண்டிகள் சரியாக ஆறு மணிக்கு வந்தன. ஒன்றில் ஆறு பேர், இன்னொன்றில் ஆறு பேர். நான் முன் வண்டியில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். ஜன்னலக்கா வீட்டைத் தாண்டும்போது பார்த்தால் அவர் வாசற்படியில் நிற்கிறார். குளித்து, ஈரத்தலையை முடிந்து, வெளுத்த சேலை கட்டி, கையில் ஒரு பெரிய தூக்குவாளி. பால் வாங்க நிற்கிறார் என்று நினைத்தேன். வண்டிக்குள் ஒருத்தி, "கிளம்பற நேரம் பார்த்தா வந்து நிக்கணும்" என்று முணுமுணுத்தாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவள் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினேன். அந்த வார்த்தை ஜன்னலக்கா காதில் விழுந்திருக்குமோ என்று பதறி, அதை மூடுகிற மாதிரி நல்ல சத்தமாகச் சொன்னேன்.

"போயிட்டு வாரோம்க்கா!"

அவர் என்னைப் பார்த்தார். பின் வண்டியையும் பார்த்தார். "போயிட்டு வாங்க" என்றார்.

பெரிய மனுஷி மாதிரி நடந்துகொண்டோம் என்று அவனியாபுரம் போய்ச் சேருகிற வரைக்கும் எனக்குள் ஒரே திருப்தி. அன்றைய நாளும் நன்றாகத்தான் போயிற்று. கமலையைப் பார்த்தோம், வாய்க்காலில் விழுந்து கிடந்தோம். பெரியக்கா கொண்டுவந்த சோற்றில் உப்பு அள்ளிப் போட்டிருந்தது, அதையும் ஒரு பருக்கை விடாமல் தின்றோம். கத்தரி நாற்றைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு இருட்டுவதற்குள் திரும்பிவிட்டோம்.

அந்த வாரேன் மட்டும் என்னை விடவில்லை. அடுத்த ஒன்றரை வருஷம் சங்கத்தில் யார் எழுந்து "வாரேன்" என்றாலும் நாலு பேர் என் பக்கம் திரும்பி, "எந்த வாரேன்? காரியதரிசி எழுதிக்கணுமாம்!" என்பார்கள். நானும் கூடச் சிரிக்கப் பழகிக்கொண்டேன். ஜன்னல் எப்போதும்போல் திறந்திருந்தது. நான் பத்தி தாண்டினால் கம்பியில் தட்டும் சத்தமும் வந்தது. கொஞ்சம் குறைவாக வந்தது என்று இப்போது சொல்லலாம். அப்போது கவனிக்கவில்லை.

யுத்தம் முடிந்த வருஷம் ஜன்னலக்கா இருந்த வீட்டுக்காரருக்குத் திண்டுக்கல்லுக்கு வேலை மாறியது. கிளம்புகிற அன்று பகல் நான் ஒருத்தி மட்டும் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். மனைக் கதவைத் திறந்துகொண்டு ஜன்னலக்கா உள்ளே வந்தார். அந்தத் தோட்டத்தில் அவர் கால் வைத்தது அன்றுதான் முதல் தடவை. கையில் விதைப் பொட்டலங்கள்.

"கொடியில மூணு பீர்க்கு விதைக்கு விட்டிருக்கேன். நல்லா நெத்தாகட்டும். அவசரப்பட்டுப் பறிச்சிராதீங்க."

"சரிக்கா."

சிரிக்க வைக்கலாம் என்று, "உங்களாலதான்க்கா நான் இன்னும் கேலிப்பேச்சு வாங்கறேன். அன்னைக்கு நீங்க வாரேன்னு சொன்னதை நான் போயி..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும். ஜன்னல்ல எல்லாம் கேக்கும்ல" என்றார். பாத்திகளைப் பார்த்தபடியே சொன்னார். "நான் வாரேன்னுதான் தங்கச்சி சொன்னேன்."

என் கையில் செம்பு இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"வீட்டுல விடமாட்டாங்கன்னு நாங்க..."

"அன்னைக்கு ராத்திரியே மூத்தவர்கிட்ட கேட்டேன். 'தாராளமாப் போயிட்டு வா. கமலை பார்த்து உனக்கு எம்புட்டு நாளாச்சு'ன்னாரு. எங்க வீட்டு அக்காதான் ரேஷன் அரிசியில ரெண்டு படி எடுத்துக் குடுத்தா, எல்லாருக்கும் சேர்த்துப் புளிச்சோறு கிண்டிக்கன்னு."

தூக்குவாளி! அழுகை ஆகாது என்று இரண்டு பத்தி தாண்டுகிறவளுக்கு அங்கே தாண்ட ஒன்றும் இல்லை.

"ஒரு குரல் குடுத்திருக்கலாம்லக்கா. வண்டியை நிறுத்திருப்போமே."

"நீதான் முந்திக்கிட்டியே, போயிட்டு வாரோம்னு. அப்படிச் சொல்றவங்கள நிறுத்தி நானும் வாரேன்னா சொல்லுவாங்க? போயிட்டு வாங்கன்னுதானே சொல்லணும்?"

கோபமாகச் சொல்லவில்லை. ஒரு கணக்கைச் சரிபார்க்கிற மாதிரியும் சொல்லவில்லை. மூன்றாவது பாத்திக்குத் தண்ணீர் காணவில்லை என்பாரே, அந்தக் குரல்தான்.

"அம்புட்டுச் சோத்தையும் என்னக்கா செஞ்சீங்க?"

"வீட்டுல ரெண்டு வேளை வந்துச்சு. நல்லாத்தான் இருந்துச்சு" என்றார். பொட்டலங்களை என் முந்தானையில் போட்டார். தெருப்பக்கம் வண்டிக்காரர் கூப்பிடும் சத்தம் கேட்டது.

"சரி தங்கச்சி, வாரேன்" என்றார். கதவு வரைக்கும் போனவர் திரும்பிப் பார்த்து லேசாகச் சிரித்தார். "எழுதிராத. இது போறதுக்குச் சொல்ற வாரேன்."

நான் "போயிட்டு வாங்கக்கா" என்றேன்.