பறிக்காத நந்தியாவட்டை

நடுவுள்ளவனே, சின்னவளே, உங்கள் இரண்டு பேருக்கும்தான் இதை எழுதுகிறேன். எனக்கு எழுத்து அவ்வளவாக ஓடாது. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம், டவுன் பள்ளியில் மூன்று வருடம், அதோடு என் படிப்பு முடிந்தது. பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். என் அலமாரியில் துண்டுகளுக்கு அடியில் ஒரு பழைய பிஸ்கட் டின் இருக்கிறது. அதற்குள் பத்திரிகைத் தாளை மடித்து நூல் சுற்றிய பொட்டலம் ஒன்று, கட்டைவிரல் பருமன்தான். அதைப் பற்றி யாரிடமும் வாய் திறக்காமல் மூன்று வருடத்தை ஓட்டிவிட்டேன். போன வாரம் சின்னவள் அடுப்படியில் அம்மாவிடம் சொன்னது எனக்குக் கேட்டுவிட்டது. "நான் மத்தப் பொட்டலத்த எடுத்திருந்தா அக்கா இந்நேரம் யுனிவர்சிட்டில இருக்கும்மா. என் கை ராசியில்லாத கை." பன்னிரண்டு வயதுப் பிள்ளை பேசுகிற பேச்சா அது?

உங்கள் பெரியக்கா ஆறாம் படிவப் பரீட்சை எழுதி முடிவு வந்த நாள் உங்களுக்கு நினைவிருக்கும். முழுப் புள்ளி வரவில்லை, ஒரு பாடத்தில் கொஞ்சம் வழுக்கிவிட்டது. ஆனாலும் நம் தோட்டத்தில் அதுவரை யாரும் அந்த அளவுக்கு எடுத்ததில்லை. அந்த வாரமே அம்மன் கோயிலில் பூசை முடிந்ததும் அவளை முன்னால் கூப்பிட்டு, பொன்னாடை போர்த்தி, மைக்கில் "நம்ம தோட்டத்தோட வருங்கால டாக்டர்" என்று சொல்லிவிட்டார்கள். கூட்டம் கைதட்டியது. நான் தூணோரம் நின்று அழுதேன். மறுநாள் காலையிலேயே மண்டோர் மாமா, செம்பனைக் குலை வெட்டுகிற ஆட்களை வேலைக்குப் பிரித்து அனுப்பிவிட்டு நேராக நம் வாசலுக்கு வந்து, கால்சட்டையைச் சுருட்டி முட்டியைக் காட்டினார். "டாக்டரம்மா, இது ரெண்டு நாளா வீங்கிக் கெடக்கு, கொஞ்சம் பாரேன்." அவள் சிரித்துக்கொண்டே, "மாமா, நான் இன்னும் ஃபாரமே போடலியே, அதுக்குள்ள பேஷண்ட் வந்தாச்சா?" என்றாள். அன்றைக்கு எல்லாரும் சிரித்தோம். அந்த வீட்டில் நாம் எல்லாரும் சேர்ந்து சிரித்தது அதுதான் கடைசி என்று இப்போது தோன்றுகிறது.

அதற்குப் பிறகுதான் யுனிவர்சிட்டி ஃபாரம் பேச்சு ஆரம்பித்தது. இந்த வருடமே போடுவதா, வழுக்கின பாடத்தைத் திரும்ப எழுதிவிட்டு அடுத்த வருடம் போடுவதா என்பது ஒன்று. மருத்துவம் மட்டும் எழுதுவதா, வேறு படிப்பும் சேர்த்து எழுதுவதா என்பது இன்னொன்று. அவளுடைய வேதியியல் ஆசிரியை தெளிவாகச் சொல்லி அனுப்பியிருந்தார்: இந்த வருடமே போடு, ஆனால் அகலமாகப் போடு. மேலே இரண்டு மூன்று இடத்தில் மருத்துவம், கீழே உனக்குப் பிடித்த வேறு படிப்புகள். பெரியக்கா ஒரு நோட்டுத்தாளில் அப்படியே வரிசை போட்டு என்னிடம் காட்டினாள். மருத்துவம், மருத்துவம், அடுத்தது மருந்தியல், அதற்கும் கீழே உணவு அறிவியல், கடைசியில் ஆசிரியர் படிப்பு. "இதுல எது கெடச்சாலும் எனக்குச் சந்தோசம்தாம்பா" என்றாள். அந்தச் சந்தோசம் என் காதில் ஏறவே இல்லை. உணவு அறிவியல் என்ற எழுத்தைப் பார்த்ததும் எனக்குப் பொன்னாடைதான் ஞாபகத்துக்கு வந்தது. போர்த்தினவர்களிடமே அதை மடித்துத் திருப்பிக் கொடுக்கிற மாதிரி இருந்தது.

மண்டோர் மாமாவிடம் போய்க் கேட்டேன். அவருக்கு இந்த விசயம் என்னைவிட அதிகம் தெரியாது. ஆனால் நம் ஆட்களிடம் அப்படி ஒரு பேச்சு எப்போதும் உண்டு, அதை அவரும் சொன்னார். "கீழ வேறத எழுதுனியோ, போச்சு. இவளே இது போதும்னு எழுதிட்டா, இதையே குடுத்துருவோம்னு தள்ளிவிட்ருவாங்க லா. ஒண்ணே ஒண்ணுன்னு நின்னாத்தான் பயப்படுவாங்க." யார் பயப்படுவார்கள், எதற்குப் பயப்படுவார்கள் என்று நான் கேட்கவில்லை. எனக்கு வேண்டிய பதில் கிடைத்துவிட்டது. வீட்டுக்கு வந்து, மருத்துவம் இருக்கிற இடத்தையெல்லாம் எழுது, மிச்சக் கட்டங்களை வெறுமையாக விடு என்றேன். அவள் மாட்டேன் என்றாள். மூன்று நாள் அவளும் நானும் முகம் பார்த்துப் பேசவில்லை. கடைசியில் அம்மாதான் சொன்னாள், "ஏன் இப்படி மல்லுக்கு நிக்கிறீங்க? பூப்போட்டுப் பாத்துருவோம். சாமி சொல்றத எழுதட்டும்."

பூப்போட்டுப் பார்ப்பது நமக்குப் புதிதில்லை. அம்மாவை எனக்குப் பேசும்போதும் பூப்போட்டார்கள். லயத்தை விட்டு இந்தப் பலகை வீட்டுக்கு மாறும்போதும் போட்டோம். சிவப்புப் பூ ஒரு பொட்டலம், வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், இரண்டையும் சாமி காலடியில் வைத்து, ஒன்றும் அறியாத பிள்ளையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வது. சிவப்பு வந்தால் மருத்துவம் மட்டும், வெள்ளை வந்தால் அக்கா போட்ட வரிசை என்று பேசிக்கொண்டோம். பொட்டலம் கட்டும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். மறுநாள் காலை வேலைக்குப் போய், கடல்தண்ணீர் தோட்டத்துக்குள் ஏறாமல் அடைக்கிற தண்ணீர்க்கதவைத் தூக்கிவிட்டு வந்து, கோயில் வேலியோரம் செவ்வரளி பறித்தேன். வெள்ளைக்கு நம் வாசலில் இருக்கிற நந்தியாவட்டைதான். அதற்கு முன்னால் போய் நின்றேன். அன்றைக்கு அது செடி கொள்ளாமல் பூத்திருந்தது. ஒரு பூவைத் தொட்டேன், பறிக்கவில்லை. அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இரண்டு தாளிலும் செவ்வரளியையே வைத்து மடித்து நூலைச் சுற்றினேன்.

இதுதான் நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியது. சின்னவளே, அன்றைக்கு உனக்கு ஒன்பது வயது. சாமியைக் கும்பிட்டுவிட்டுக் கண்ணை இறுக்க மூடி, எந்தப் பொட்டலம் என்று தடவித் தடவி, இடது பக்கம் இருந்ததை எடுத்தாய். வலது பக்கத்தை எடுத்திருந்தாலும் சிவப்புத்தான். உன் கையில் ராசியும் இல்லை, தோசமும் இல்லை. நீ தேர்ந்தெடுக்க நான் எதையும் வைக்கவே இல்லை. பூசாரி பிரித்துக் காட்டியதும் அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பெரியக்கா மட்டும் காலடியில் கிடந்த மற்றதைப் பார்த்தபடி, "அத பிரிச்சுப் பாக்க வேணாமாப்பா?" என்றாள். "சாமி சொன்னதுக்கப்புறம் சோதிக்கக் கூடாது" என்று சொல்லி அதை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். என் குரல் நடுங்கவே இல்லை. அதுதான் இன்றைக்கும் எனக்குப் பயமாக இருக்கிறது. அன்று சாயங்காலமே அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து ஃபாரத்தை நிரப்பினாள். மருத்துவம் இருந்த இடங்கள் முடிந்ததும், கீழே மிச்சமிருந்த கட்டங்களை விரலால் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனாள். எல்லாம் வெள்ளையாக இருந்தது.

ஒரே ஓர் இடத்திலிருந்து நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். வெளியே மரத்தடியில் நின்றேன். திரும்பி வந்தவளிடம் என்ன கேட்டார்கள் என்றேன். "டாக்டருக்குக் கெடைக்கலேன்னா என்ன செய்வேன்னு கேட்டாங்க. வேற ஒண்ணுமே எழுதலியே, ஏன்னு கேட்டாங்க." "நீ என்னம்மா சொன்ன?" "என்ன சொல்றதாம்? சிரிச்சேன்." முடிவு வந்த அன்று, அவள் கைத்தொலைபேசியை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டுத் துணி காயப்போடப் போய்விட்டாள். மலாயில் மூன்றே வரி, இடம் இல்லை என்று. வேறு எதுவும் எழுதாததால் வேறு எதுவும் கிடைக்கவும் இல்லை. மேல்முறையீடு போட்டோம், அதுவும் அப்படித்தான். அவளைவிடக் கூடுதல் புள்ளி எடுத்த பிள்ளைகள் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். தேர்ந்தெடுத்தவர்கள் மேல் நான் குற்றம் சொல்லவில்லை. அவள் வகுப்பில் அவளைவிடக் குறைவாக எடுத்த ஒரு பெண் அந்த வருடம் உணவு அறிவியல் படிக்கப் போனாள். அந்தப் பெண் நம் வீட்டுக்குச் சொல்லிக்கொள்ள வந்தபோது பெரியக்காதான் சர்க்கரை போட்டுத் தேநீர் கலக்கிக் கொடுத்தாள்.

அடுத்த வருடம் ஃபாரம் திறந்தபோது நான் மெதுவாக, "இந்தத் தடவ ஒன் இஷ்டப்படி எழுதும்மா" என்றேன். "போதும்பா" என்றாள். அவ்வளவுதான். அந்தப் பாடத்தையும் அவள் திரும்ப எழுதவில்லை. ஃபாரம் மூடுகிற நாள் வரை அவள் நோட்டுத்தாள் மேசையில் கிடந்தது, பிறகு அதையும் காணவில்லை. ராசா டவுனில் ஒரு கிளினிக்கில் முகப்பில் உட்கார்ந்து பேர் கூப்பிடுகிற வேலை கிடைத்தது. அவளைக் கொண்டுபோய் விட்ட அன்று, கடைமாடியில் அவள் எடுத்திருந்த அறைக்கு நான் சோற்றுச்சட்டியையும் மெத்தையையும் தூக்கிக்கொண்டு ஏறினேன். இறங்கும்போது படியில் நின்று சொன்னாள்: "அன்னிக்கு நம்ம நந்தியாவட்டைச் செடியில பூவெல்லாம் அப்படியே இருந்துச்சுப்பா." "தெரிஞ்சும் ஏம்மா எழுதின?" என்று கேட்டேன். "சாமியவே கூட்டாளி சேத்துக்கிட்டு வந்துட்டீங்க. அவ்வளவு ஆசையான்னு நெனச்சேன்" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். என் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டே சொன்னாள்.

இப்போது அவள் மாதம் ஒரு தடவை வருகிறாள். மண்டோர் மாமா அவளைக் கண்டால் சைக்கிளை வேறு பக்கம் திருப்பிக்கொள்கிறார். என்னிடம் அவள் நன்றாகத்தான் பேசுகிறாள், மழையைப் பற்றி, பஸ்ஸைப் பற்றி. அதற்கு மேல் ஒரு பேச்சும் எங்களுக்குள் வருவதில்லை, இனி வரும் என்று நான் நினைக்கவும் இல்லை. அந்தப் பொன்னாடையை அம்மா தையல் மெசினுக்குப் போர்த்தி வைத்திருக்கிறாள்.

நடுவுள்ளவனே, உனக்கும் இப்போது ஆறாம் படிவ முடிவு வந்திருக்கிறது. நல்ல முடிவுதான். ஆனால் நீ, "எனக்கு அந்த ஃபாரமே வேணாம்பா, லோரி அட்டெண்டன் வேலைக்குச் சொல்லி வச்சிருக்கேன்" என்றாய். கோயிலில் யாரும் உன் பேரைச் சொல்லாமல் பார்த்துக்கொண்டாய். ஃபாரம் மூட இன்னும் நாள் இருக்கிறது என்று உன்னிடம் சொல்ல வாய் வரை வருகிறது. சொல்கிற யோக்கியதை எனக்கு இல்லை என்று அப்படியே நின்றுவிடுகிறது. கடல் எப்போது ஏறும், எப்போது வற்றும், கதவை எத்தனை முழம் தூக்கினால் செம்பனைக்கு உப்புத்தண்ணீர் ஏறாது என்று எனக்குத் தெரியும். என் பிள்ளைக்கு எதை எப்போது திறந்துவிட வேண்டும் என்று மட்டும் தெரியாமல் போய்விட்டது.

நேற்று மத்தியானம் நீங்கள் யாரும் வீட்டில் இல்லை. டின்னைத் திறந்து பொட்டலத்தை எடுத்துப் பிரித்தேன். நூல் இழுத்ததும் அறுந்துவிட்டது. பூ காய்ந்து, கறுத்து, தேயிலைத்தூள் மாதிரி தாளில் ஒட்டிக் கிடந்தது. சிவப்பும் தெரியவில்லை, வெள்ளையும் தெரியவில்லை. இதில் நந்தியாவட்டைதான் இருந்தது என்று நான் சொன்னால் மறுக்க யாராலும் முடியாது. தாளைப் பழையபடி மடித்து, வேறு நூல் சுற்றி டின்னிலேயே வைத்தேன். பிறகு வாசலுக்குப் போய் ஒரே ஒரு நந்தியாவட்டையைப் பறித்து, புதுத் தாளில் மடித்து, நூல் சுற்றிக் கோயிலுக்குக் கொண்டுபோனேன். கதவு பூட்டியிருந்தது. கம்பிக்குள் கையை விட்டு, அன்றைக்குப் பொட்டலங்கள் இருந்த இடத்துப் பக்கமாக, எட்டின வரை தள்ளி வைத்தேன். எடுக்க யாரும் இல்லை. வற்றுகிற நேரம் ஆகியிருந்ததால் தண்ணீர்க்கதவைத் தூக்கப் போய்விட்டேன்.