பின்வரிசை மெத்தையில் ஓர் ஒற்றர்

இருபத்திரண்டு வருஷம். அத்தனை காலமும் அவர் ஊரில் உள்ளவர்களையெல்லாம் படுக்கச் சொல்லியே பிழைத்தார். மெத்தைக் கடையில் விற்பனையாளர். "சும்மா படுத்துப் பாருங்கம்மா, காசா பணமா" என்பது அவர் வாய்ப்பாடு. கடையில் எல்லோருக்கும் அவர் மெத்தைக்காரர்.

மத்தியானம் கடை ஈயாடும் நேரத்தில் அவரும் படுத்துப் பார்ப்பார். பின்வரிசையில், பெரிய கட்டில்களின் மறைவில், கையில் ஒரு நாவலோடு. காட்சிக்கு வைத்த மெத்தைக்குக்கூட முதலாளி பிளாஸ்டிக் உறையைக் கழற்ற விடமாட்டார். கழற்றினால் பழைய சரக்காகிவிடுமாம். அதனால் முதுகு வியர்க்கும். உளவுக் கதைக்கு அது பொருத்தம் என்று மெத்தைக்காரர் பொறுத்துக்கொண்டார்.

நடைபாதையில் பாதி விலைக்கு வாங்கிய புத்தகம் அது. அட்டையில் மழைக்கோட்டுக்காரன் ஒருவன் முதுகைக் காட்டி நின்றான். உளவாளிக்கு முகம் கூடாதென்று நினைத்தார்களோ, வரைந்தவருக்கு முகம் வராதோ, தெரியவில்லை.

பாதிப் புத்தகம் தாண்டியபோது முதலாளி கூப்பிட்டார். "மத்தியானம் படுத்துக்கிட்டுக் கதை படிக்கிறீங்க போலிருக்கே. இன்னொரு தடவை இப்படி நடந்தா கிடங்குக்கு மாத்திடுவேன்."

கிடங்கென்றால் மூட்டை தூக்குகிற வேலை. மின்விசிறியும் கிடையாது, படுத்துப் பார்க்க வருகிற அம்மாக்களும் கிடையாது. மெத்தைக்காரர் முடிவு கட்டிவிட்டார்: யாரோ காட்டிக்கொடுத்திருக்கிறார்கள்.

யார் என்று கண்டுபிடிக்கும் வழி கையிலேயே இருந்தது. கதையில் ஒற்றர் தலைவன் சந்தேகப்படும் ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு பொய் சொல்கிறான். எந்தப் பொய் எதிரி காதுக்குப் போகிறதோ, அதைக் கேட்டவனே துரோகி. அந்த அத்தியாயத்தை முடிக்கக்கூட அவருக்குப் பொறுமையில்லை.

கல்லாவில் இருக்கும் அக்காவிடம் குரலைத் தாழ்த்தினார். "எதிர்க் கடையில கூப்பிடறாங்க. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

"நான் ஏன் சொல்றேன்? எனக்கென்ன வேற வேலையில்லையா?" என்றார் அக்கா, எண்ணிக்கொண்டிருந்த சில்லறையை அப்படியே விட்டுவிட்டு.

வேன் டிரைவரிடம், சொந்தமாகக் கடை போடப் போவதாகச் சொன்னார். டிரைவர், "எனக்கும் ஒரு வேலை போட்டுக் கொடுங்கண்ணே" என்று தோளில் தட்டினார்.

மூன்றாவது ஆள் மச்சினன். மனைவியின் தம்பி, இவரே முதலாளியிடம் பல்லைக் காட்டிச் சேர்த்துவிட்ட உதவி விற்பனையாளன்.

"முட்டி ஆபரேஷன். ரெண்டு மாசம் லீவு போடணும்."

"ஐயோ மாமா, இந்தக் கடையை விட்டுட்டு நீங்க எப்படி இருப்பீங்க?" மச்சினன் கண் கலங்கினான். குடும்பத்தில் எல்லோருக்கும் சட்டென்று கண் கலங்கும்.

சாயந்திரம் வீட்டுக்குள் கால் வைத்ததுமே மனைவி, "முட்டியை அறுக்கப் போறாங்களாமே? என்கிட்ட சொல்லத் தோணலையா?" என்று பிடித்துக்கொண்டாள். உள்நாட்டுக் கசிவு கணக்கில் சேராது என்று மெத்தைக்காரர் தனக்குள் தீர்ப்பு எழுதினார்.

மறுநாள் முதலாளி உட்காரச் சொன்னார். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவை.

"சொந்தக் கடை போடறீங்களாம். எதிர்க் கடைக்கும் போறீங்களாம். ரெண்டையும் வலிக்கிற முட்டியோட எப்படிச் செய்வீங்கன்னுதான் புரியல."

மூன்று பொய், மூன்றும் வந்து சேர்ந்திருந்தன. கதையில் இப்படி ஒரு வாய்ப்பே இல்லை.

"முதலாளி, அதெல்லாம் சும்மா. நான் படிக்கிறதை உங்ககிட்ட யார் சொன்னாங்கன்னு கண்டுபிடிக்கத்தான்..."

"யாரு சொல்லணும்? நீங்க புரண்டு படுத்தா அந்த பிளாஸ்டிக் சரசரன்னு என் ரூம் வரைக்கும் கேக்குது. நடுநடுவுல பக்கம் திருப்புற சத்தம் வேற."

இல்லாத துரோகியைத் தேடப் போய், மூன்று பேரைத் தன் கையாலேயே உண்டாக்கிவிட்டு வந்திருந்தார் மெத்தைக்காரர்.

"எப்படியும் போறவர்தானேன்னு உங்க இடத்துக்கு நேத்தே ஆளைச் சொல்லிட்டேன்" என்றார் முதலாளி. "நல்ல பையன். அவனா வந்து கேட்டான். கேக்கும்போது கண்ணெல்லாம் கலங்கிடுச்சு."

திங்கட்கிழமையிலிருந்து முன்கூடத்தில் மச்சினன் நிற்பான். மெத்தைக்காரர் கிடங்கில் வேனுக்குச் சரக்கு ஏற்றுவார்.