கிணற்றை மூடிய எஸ்தர் அக்கா

போன வியாழக்கிழமை காலை, மெஸ்ஸில் உலை கொதித்துக்கொண்டிருந்தபோது எஸ்தர் அக்காவின் மகள் பிரேமா போன் செய்தாள். "சரளாக்கா, எவ்ளோ கூப்ட்டும் அம்மா எழுந்துக்கல" என்றாள். அடுத்த கேள்வியைக் கேட்டால் பதில் வந்துவிடுமே என்ற பயத்தில் போனைக் காதில் வைத்தபடியே நின்றேன். அவளே அழத் தொடங்கிவிட்டாள்.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகும் சாலையில் எங்கள் மெஸ்ஸில் சாப்பிட்டவர்களுக்கு அக்காவை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வடக்குப்பட்டில் பிறந்தவர். கணவர் போன பிறகு, கம்பெனி ஆட்களுக்குச் சமைத்துப் போட்டு மகளை வளர்த்தவர். என் வீட்டுக்காரருக்கு இங்கே வேலை கிடைத்து கோவில்பட்டியிலிருந்து வந்த நான், கொஞ்ச நாளிலேயே அவரோடு கூட்டாகச் சேர்ந்தேன். அடுப்பு அவருடையது, பரிமாறுவது நான்.

அவரை நான் முழுதாக அறிந்தது 1991இல். அந்த வருடம் மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்ததை நாடே அறியும். அதன் பிறகு அடிக்கடி போலீஸ் ஜீப் வாசலில் நின்று, யார் யார் வந்து சாப்பிடுகிறார்கள் என்று விசாரிக்கும். வெளியூர் ஆட்கள் இங்கே வந்து தங்கவே தயங்கினார்கள். கூட்டம் குறைந்திருந்த அந்த நேரத்தில்தான் தனபால் என்பவர் எங்களுக்கு எதிரிலேயே ஒரு மெஸ் திறந்தார். பளிச்சென்று டியூப் லைட், டேப் ரெக்கார்டரில் பாட்டு, தினமும் மீன் வறுவல்.

மதியமானால் நான் வாசலில் நின்று எதிர்க்கடைக்குள் போகிறவர்களை எண்ணிக்கொண்டிருப்பேன். இரண்டு மாதத்தில் மூடிவிடுவோம், திரும்ப ஊருக்குத்தான் போகவேண்டும் என்று கணக்குப் போடுவேன்.

"அங்க போறவன எண்ணி இன்னா பண்ணப் போற?" என்பார் அக்கா. "இங்க துன்னவன் தட்டுல இன்னா மிச்சம் வெச்சிட்டுப் போறான்னு பாரு."

அவர் அப்படித்தான் பார்ப்பார். கழுவப் போகும் தட்டுகளை நிறுத்தி, கூட்டு மீந்திருந்தால் அதில் துளி எடுத்து வாயில் போட்டுப் பார்ப்பார். மறுநாள் அந்தக் கூட்டு வேறு மாதிரி இருக்கும்.

ஐப்பசி மழை விட்ட பிறகு மஞ்சள் காமாலை வந்தது. முதலில் ஒருவர், பிறகு ஒரு லாட்ஜ் அறை முழுக்க. சோறு போடும்போதெல்லாம் நான் எதிரில் இருப்பவரின் கண்ணைத்தான் பார்ப்பேன், வெள்ளை மஞ்சளாகிவிட்டதா என்று. திண்டுக்கல்லிலிருந்து வந்திருந்த முருகேசன் என்ற வெல்டர், எங்களிடம் மூன்று வேளையும் சாப்பிடுகிறவர், நினைவு தப்பி மெட்ராஸ் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப்பட்டார்.

எல்லாம் தனபால் கடைத் தண்ணீரால்தான் என்று பேச்சு கிளம்பியது. எங்கள் வாடிக்கையாளர் ஒருவர் அக்காவிடம் வந்து, "ஒரு மனு எழுதிப் போடுக்கா. நாளைக்கே அவன் கடைய சீல் வெச்சிடுவாங்கோ" என்றார்.

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு கொல்லைப்புறம் போய் எங்கள் கிணற்றை எட்டிப் பார்த்தபடி நின்றார். பக்கத்து லாட்ஜின் சாக்கடை மழையில் உடைத்துக்கொண்டு கிணற்றடி வரை வந்து வற்றியிருந்தது.

"அவரு தண்ணி எப்டியோ போவட்டும். நம்ம தண்ணி நல்லா கீதான்னு நமக்குத் தெரியுமா?"

"எக்கா, வேண்டாம். நீங்க பாட்டுக்குப் போய் எதையாச்சும் கெளறி விட்டுறாதீக" என்று கெஞ்சினேன். மறுநாள் அவரே ஒரு பாட்டிலில் தண்ணீர் பிடித்து, மெட்ராஸுக்குப் பஸ் ஏறிப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு வந்தார். முடிவு வரும்வரை அந்தத் தண்ணீரை நாங்கள் தொடவில்லை. தெருக்குழாயில் பிடித்துக் காய்ச்சினோம்.

கிணற்றில் சாக்கடை கலந்திருக்கிறது என்று முடிவு வந்தது. அதைக் கிழித்துப் போட்டுவிடலாம் என்றுதான் எனக்குத் தோன்றியது. அக்கா சாப்பாட்டு நேரத்தில் கூடத்தின் நடுவில் போய் நின்றார்.

"எல்லாரும் கேளுங்கப்பா. நம்ம கெணத்துல சாக்கடை கலந்துட்டுக்கீது. சரி பண்ற வரிக்கும் மெஸ் கெடையாது."

பிசைந்த கைகள் அப்படியே நின்றன. முருகேசனின் அறைத்தோழர் எழுந்தார். "அப்போ முருகேசனுக்கு வந்தது உங்களாலதானா?"

"எங்களாலதான்ப்பா."

அவர் தட்டைத் தள்ளிய சத்தத்தில் நான் கதவோரம் ஒடுங்கினேன். அடிப்பார்கள், போலீஸ் வரும் என்று நினைத்தேன். அவர் அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வெளியே போய்விட்டார்.

அதே கையோடு அக்கா சாலையைக் கடந்து தனபாலிடம் போனார். நானும் பின்னாலேயே ஓடினேன். "அண்ணே, எங்க ஆளுங்களுக்கும் சேத்து சோறு போடுங்க. தண்ணிய மட்டும் காய்ச்சிக் குடுங்க" என்றார். தனபால் தலையாட்டினார். அவர் கடைத் தண்ணீர் எப்படி இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அக்கா கேட்கவே இல்லை.

கிணற்றை மண் போட்டு மூடினோம். அக்கா தினமும் கஞ்சி எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். அவர் திரும்பும் பஸ் வரும்வரை எனக்கு உயிர் இருக்காது. ஒரு சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கியவர், "கண்ணத் தொறந்து யாருன்னு கேட்டாம்மா" என்று சொல்லிவிட்டு அங்கேயே சாலையோரம் உட்கார்ந்துவிட்டார். அன்றுதான் அவர் அழுது பார்த்தேன். முருகேசன் பிழைத்து ஊருக்குப் போனார். திரும்பி வரவில்லை.

காய்ச்சிய தண்ணீரோடு மெஸ்ஸை மறுபடி திறந்தபோது பாதிப் பேர்கூட வரவில்லை. கூடம் நிறைய ரொம்ப நாளானது. பல வருடங்களுக்குப் பிறகு தனபால் கடையை விட்டுச் சொந்த ஊருக்குக் கிளம்பினார். "இனிமே நமக்குப் பயமில்லக்கா" என்றேன்.

"அவரப் பாத்து நா எப்போ பயந்தேன்? என் கையால யாருக்கும் எதுனா ஆயிடக் கூடாதேன்னுதான் இன்னிக்கும் பயந்துகினு கீறேன்" என்றார்.

போன வியாழக்கிழமை, மெஸ் மேசைகளை எடுத்துவிட்டு அக்காவைக் கூடத்தில்தான் கிடத்தியிருந்தோம். ஷிப்ட் முடிந்து பஸ் பஸ்ஸாக வந்து இறங்கியவர்கள் கம்பெனி ஷூவை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்கள். பாஸ்டர் ஜெபம் சொல்லி முடித்ததும் அவர்கள் வெளியே வந்தால், எல்லாம் ஒரே மாதிரி கறுப்பு ஷூ. தன்னுடையது எது என்று தெரியாமல் அத்தனை பேரும் தெருவில் வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தார்கள்.

நாளை முதல் அடுப்பும் என் பொறுப்பு. பயமாக இருக்கிறது அக்கா. இருக்கட்டும். நீங்கள் நிம்மதியாகத் தூங்குங்கள்.