கொதிக்கக் கொதிக்க ஒரு டீ

நான் வடிகட்டின முட்டாள். டீக்கடைக்காரன் என்பதால் வடிகட்டியும் கையிலேயே இருக்கிறது. இந்த லட்சணத்தில், ஆளைப் பார்த்த மாத்திரத்தில் எடை போட்டுவிடுவேன் என்று பெருமை வேறு.

தஞ்சாவூருக்கு வெளியே, வாய்க்கால் கரையில் இருக்கும் எங்கள் காலனி, தொழுநோய் வந்தவர்களுக்கென்று எப்போதோ ஒதுக்கிய இடம். நான் பிறப்பதற்கு முன்பே அப்பாவுக்கு நோய் குணமாகிவிட்டது. விரல்கள் மட்டும் மடங்கியபடியே நின்றுவிட்டன. பக்கத்தில் பைபாஸ் வந்ததிலிருந்து எங்கள் மண்ணுக்குத் திடீர் மவுசு. பட்டாவோ யார் பேரிலும் இல்லை. இந்த இடமும் போய்விட்டால் அப்பாவுக்கு எந்த ஊரில் வீடு கொடுப்பார்கள்? அதனால் வெள்ளைச் சட்டை போட்டவரெல்லாம் எனக்கு நிலப் புரோக்கர்தான்.

குறுவை நடவு சமயத்தில் ஒருவர் பைக்கில் வர ஆரம்பித்தார். வெள்ளைச் சட்டை, அதுவும் முழுக்கை. அந்த வெயிலில் மணிக்கட்டு வரை பட்டன் போட்டுக்கொண்டு டீ குடிப்பவன் நல்லவனா? தினமும் வந்தார். பேச மாட்டார். பெஞ்சில் இருக்கும் பெரியவர்களின் கைகளையே பார்ப்பார்.

"கைரேகை வாங்கத்தான்ப்பா நோட்டம் விடுறான்" என்று அப்பாவிடம் கிசுகிசுத்தேன்.

"விரல் இருந்தாத்தானடா வாங்குவான்" என்றார் அப்பா.

இப்படிப்பட்டவர்களை விரட்ட எங்களிடம் ஓர் ஆயுதம் உண்டு. அப்பா கையால் டீ கொடுப்பது. பாதிப் பேர் வாங்கவே யோசிப்பார்கள். மறுநாள் தலை தெரியாது. இவரோ வாங்கிக் குடித்துவிட்டு இன்னொன்று கேட்டார். போச்சு, இவன் பெரிய இடத்துப் புரோக்கர் என்று முடிவு கட்டினேன்.

மறுநாள் கண்ணாடி கிளாஸைக் கொதிநீரில் போட்டெடுத்து, கொதிக்கிற டீயை ஊற்றி, துணியால் பிடித்து அவர் முன் வைத்தேன். விளிம்பைத் தொட்டாலே பதறும். அவர் இடது கையால் கிளாஸை முழுசாகச் சுற்றிப் பிடித்தார். வாய் என்னவோ ஊதி ஊதித்தான் குடித்தது, கை அசையவேயில்லை.

"பாத்தியாப்பா, கொதிக்கக் கொதிக்கக் குடுத்தேன். எப்படி உக்காந்திருக்கான் பாரு, கல்லுளிமங்கன்!"

அப்பா சிரிக்கவில்லை. வேகமாகப் போய் அந்த கிளாஸைப் பிடுங்கி வைத்தார். உள்ளங்கை சிவந்து கொப்புளம் கிளம்பியிருந்தது.

"சட்டையை மடிச்சு விடுங்க தம்பி."

தயங்கித் தயங்கி மடித்தார். முழங்கைக்குக் கீழே தேமல் மாதிரி வெளிறிக் கிடந்தது.

"எவ்வளவு நாளா?"

"பொங்கலுக்கு முந்தியே இருக்குங்க. உங்ககிட்ட கேக்கணும்னுதான் தெனம் வர்றேன். வாய் வரல."

"நாளைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போவோம், நானும் வர்றேன். இப்பல்லாம் மாத்திரையிலயே சரியாயிடும். என் கையைப் பாத்துப் பயந்துறாதீங்க."

நான் ஜக்கை எடுத்து வந்து அவர் உள்ளங்கையில் தண்ணீர் ஊற்றினேன். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"மன்னிச்சுக்குங்க. ரொம்ப சுட்டுடுச்சாங்க?"

"சுட்டிருந்தா நல்லாயிருந்திருக்கும்."