அண்ணனின் ஜீப்பும் ஒரு கண்டிஷனும்

எங்கள் அண்ணன் அவர்கள் நம்மைப் பிரிந்து இம்மாதத்தோடு ஓராண்டு நிறைகிறது. எனக்கு நாட்குறிப்பு எழுதும் பழக்கம் உண்டு என்பதால், இந்த நினைவு மலருக்கு எழுதும் பொறுப்பை உறவினர்கள் என்னிடம் தந்தார்கள்.

அண்ணன் ஆத்தூரில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். எங்கள் தகப்பனார் காலமானபோது அவருக்கு வயது பதினாறு, எனக்கு ஒன்பது. யுத்த காலத்தில் பட்டாளத்தில் சேர்ந்து வண்டி ஓட்டினார். அவருடைய உழைப்பில்தான் நான் பள்ளிப் படிப்பை முடித்தேன். ஊர் திரும்பியதும் நாகல் நகரில் குடியேறி, கிணற்று ஆயில் எஞ்சின்களைப் பழுதுபார்க்கும் தொழிலைத் தொடங்கினார். பட்டாளத்தில் கழித்து ஏலம் விட்ட ஜீப் ஒன்றை வாங்கினார். நான்கு சக்கரங்களும் இழுக்கும் வண்டி அது. ஓடை மணலையும் உழுத காட்டையும் கடந்து கிணற்றடி வரை போகும். பயிர் வாடுகிறது என்று ஆள் வந்தால், அண்ணன் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிடுவார்.

சில ஆண்டுகளில் முன் அச்சின் பல்சக்கரம் உடைந்தது. மதுரை வரை தேடியும் மாற்று கிடைக்கவில்லை. முன் சக்கரங்களைச் சுழற்றும் தண்டை அண்ணன் கழற்றி வைத்துவிட்டார். அதன்பின் பின் சக்கரங்கள் மட்டுமே இழுத்தன. கேட்டவர்களிடம், "முன் சக்கரம் ரெண்டும் மாப்பிள்ளைத் தோழன் மாதிரி. கூட வரும், தாலி கட்டாது" என்பார். மற்றபடி பிரேக், ஸ்டியரிங், எஞ்சின் மூன்றும் ஒழுங்காக இருந்தன. இடப்பக்கத் தகட்டில் மட்டும் துரு.

பிறகு அண்ணனுக்கு நெஞ்சுவலி கண்டது. இனி வண்டி ஓட்டக் கூடாது என்றார் டாக்டர். ஜீப் வாசலில் நிற்கும்வரை அவர் வீட்டில் இருக்க மாட்டார் என்று அஞ்சிய அண்ணி, அதை விற்றுவிடும்படி என்னிடம் சொன்னார். வத்தலக்குண்டு வாழைக்காய் வியாபாரி ஒருவரை அழைத்து வந்தேன். மலைத் தோட்டத்திலிருந்து காய் இறக்க அவருக்கு வண்டி தேவைப்பட்டது. அண்ணனை ஒன்றும் பேச வேண்டாம் என்று முன்பே கேட்டுக்கொண்டேன்.

வண்டி என்ன கண்டிஷன் என்று வியாபாரி கேட்டார். நல்ல கண்டிஷன் என்றேன் நான்.

"கண்டிஷன் ஒண்ணு இருக்கு" என்றார் அண்ணன்.

ஏதோ நிபந்தனை போடுகிறார் என்று நினைத்த வியாபாரி, "சொல்லுங்கண்ணே" என்றார்.

"மலையில ஏத்தக் கூடாது. முன் சக்கரம் இழுக்காது. ஈரத்துல பாரத்தோட ஏறினா பின்னாடி சறுக்கிரும்."

வியாபாரி சிரித்துவிட்டார். "அண்ணே, என்னைய வண்டி வாங்கக் கூப்பிட்டீங்களா, வெரட்டக் கூப்பிட்டீங்களா?" என்றவர், காப்பியைக் குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் போய்விட்டார்.

உங்கள் உயிரைவிட ஊரான் உயிர் பெரிதா என்று அண்ணி அழுதார்.

"எனக்கு என்ன ஆகும்னு எனக்குத் தெரியும். அந்த ஆளுக்குத் தெரியாதுல்ல" என்றார் அண்ணன்.

பிறகு எழுந்து போய் எஞ்சின் மூடியைத் திறந்தார். ரோட்டர் என்னும் விரல் நீளத் துண்டு ஒன்றைக் கழற்றினார். அது இல்லாமல் வண்டி கிளம்பாது. பட்டாளத்தில் வண்டியை நிறுத்தினால், வேறு யாரும் ஓட்டிப் போகாதபடி அதைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார்களாம். அதை அண்ணியின் கையில் கொடுத்து, "நீ வச்சுக்க" என்றார். அண்ணி முந்தானையில் முடிந்துகொண்டார்.

அதன்பின் இருந்த பதினோரு மாதங்களில் அண்ணன் அதை ஒருமுறையும் கேட்கவில்லை. பழுதான எஞ்சின்கள் மாட்டு வண்டியில் அவரைத் தேடி வந்தன. நாற்காலியில் இருந்தபடியே பார்த்துக் கொடுத்தார். ஒரு பிற்பகல் உறக்கத்தில் அமைதியாக அடங்கினார்.

வேளை தவறாமல் வந்து பார்த்த டாக்டருக்கும், எங்கள் வீட்டில் அடுப்பு எரியாத நாட்களில் சோறு அனுப்பிய அக்கம்பக்கத்தாருக்கும், ஆத்தூரிலிருந்து திரண்டு வந்த உறவினர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

வத்தலக்குண்டு வியாபாரியும் துஷ்டி கேட்க வந்திருந்தார். அவருக்கும் இம்மலர் அனுப்பப்படுகிறது. ஐயா, அன்று நான் நல்ல கண்டிஷன் என்றது தெரிந்தே சொன்ன பொய். அண்ணன் அதைப் பற்றிக் கடைசிவரை என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவரிடமே மன்னிப்புக் கோரியிருப்பேன். இப்போது தங்களிடம் கோருகிறேன்.